வீட்டு மாடியில் சி.என்.சி. ரவுட்டர்: ஒரு மளிகைக் கடையின் வரவு செலவுக் கணக்கு

சி.என்.சி. என்றதும் கோவையிலும் ஓசூரிலும் உள்ள பெரிய தொழிற்கூடங்கள்தாம் வணிக அன்பர்களுக்கு நினைவுக்கு வரும். இரும்பைக் கடையும் அந்த இயந்திரங்களுக்கு ஒரு தம்பி உண்டு. மரப்பலகை, பிளைவுட், அக்ரிலிக் தகடு ஆகியவற்றைக் கணிப்பொறி காட்டும் வழியில் குடைந்தும் அறுத்தும் தரும் ரவுட்டர்தான் அது. கடைப் பெயர்ப் பலகை, அலமாரியின் பக்கப் பலகை, பூஜை அறைக் கதவு என்று இன்று பல வேலைகள் இதில்தான் நடக்கின்றன. இதை விலைக்கு வாங்காமல், கடையையும் வீட்டையும் கவனித்துக்கொண்டே நம் கையால் கட்ட முடியுமா என்றால், முடியும். எவ்வளவு செலவாகும், எத்தனை மாதமாகும், அதுவரை வீட்டில் எந்தெந்த வேலை காத்துக் கிடக்கும் என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். மளிகைக் கடை நடத்திக்கொண்டே பதினான்கு மாதங்களில் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். அந்தக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் இதன் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், வளைவுகளின் அளவுகளைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து இயந்திரத்தை நடத்தலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் அத்தகைய இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி வால்வுகள் நிறைந்த பெரிய அலமாரியாக இருந்தது. 2009இல் நார்வே நாட்டுக்காரரான சீமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். ஆர்டுயினோ என்னும் உள்ளங்கை அளவு மின்அட்டையில் அது ஓடும். அன்று ஓர் அலமாரி செய்த வேலையை இன்று சில நூறு ரூபாய் அட்டை செய்கிறது. நம்மைப் போன்றவர்கள் வீட்டில் துணிந்து இறங்க இதுதான் காரணம்.

வீட்டில் போட்ட நிபந்தனை

எங்கள் கடை காலை ஆறரைக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைப்பது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஓய்வு. ஞாயிறு பிற்பகல் விடுமுறை. இயந்திரம் கட்டக் கிடைத்த நேரம் இதுதான். வீட்டு வேலைகள் காத்திருந்த நேரமும் இதுவேதான். குளியலறையில் அம்மாவுக்கு ஒரு கைப்பிடி பொருத்த வேண்டும். மாடித் தளம் ஒழுகியது. சமையலறைப் பரணுக்குக் கதவு இல்லை. மகளுக்குப் படிக்கும் மேஜை வேண்டும். கேட்டின் கொண்டி கழன்று தொங்கியது.

பணத்துக்கு முதிர்ந்த சீட்டுத் தொகை 75,000 ரூபாய் கையில் இருந்தது. வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "ஐப்பசி மழைக்கு முன்னாடி மாடி ஒழுகாம இருக்கணுங்க. அதுக்கப்புறம் நீங்க மெஷின் கட்டுங்க, மாளிகை கட்டுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." நியாயமான பேச்சு. மாடித் தளத்துக்கென்று 33,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தோம். மீதம் 42,000. அதற்கு மேல் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயும் எடுப்பதில்லை என்று பேரேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம்.

இயந்திரத்தில் ஒரு கட்டம் முடிந்தால் வீட்டில் ஒரு வேலை முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் பிறகு எந்த இயந்திரமும் உதவாது. ஆகையால் முதல் போல்ட்டை முடுக்குவதற்கு முன்பே அம்மாவின் கைப்பிடி சுவரில் ஏறிவிட்டது.

சட்டமும் மட்டமும்

கீழே இரும்புச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்த மேஜை. அதன் மேல் போல்ட் போட்டு இணைத்த அலுமினியச் சட்டம். சட்டத்தின் அளவு 800க்கு 1,100 மி.மீ. மேஜை வந்திறங்கியதும் லேத் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்தீங்களா?" என்பதுதான். ஆசாரிமார் நாளெல்லாம் செய்யும் சோதனைதான் இது. எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக நாடா பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு அது 1,360 மி.மீ. மேஜையின் மேல் சட்டத்தை இறுக்கிப் பார்த்தால் ஒரு குறுக்கு 1,362, மற்றது 1,358. வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்வது வழக்கம்தான். நான்கு மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் 800 மி.மீ. அகலத்தில் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. சாய்வு. அறுத்து வரும் ஒவ்வொரு பலகையும் அந்தச் சாய்வோடுதான் வரும். நான்கு பலகையைச் சேர்த்துப் பெட்டி செய்தால் மூலை கூடாது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தைத் தட்டிச் சரிசெய்து, இடைவெளியில் மெல்லிய வாஷர்களைச் செருகி இறுக்குவதற்கு மூன்று ஞாயிறு போயின. இந்த வேலையில் அவசரப்படுபவர்கள் பிறகு மென்பொருளில் எவ்வளவு மன்றாடினாலும் பயன் இல்லை.

அடுத்தது சட்டத்தின் மேல் ஓடும் பாலம். அதை நகர்த்த நீளமான திருகுத் தண்டுகளுக்கு முன்பணம் கட்டினோம். கூரியரில் வந்த இரண்டில் ஒன்று வளைந்திருந்தது. கடையின் கண்ணாடி மேஜை மீது உருட்டினால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. அனுப்பியவர் முதலில் மறுத்தார். புகைப்படம், பில் எல்லாம் காட்டிய பிறகு பணம் திரும்பி வர இரண்டு மாதமாயிற்று. சரக்கைப் பிரித்தவுடன் எடை போட்டு, குறை இருந்தால் அன்றைக்கே எழுதி அனுப்பும் நம் வழக்கம் இங்கே கை கொடுத்தது. அந்த இரண்டு மாதம்தான் புரட்டாசி வரையிலான காலம். கொத்தனார் வந்து பழைய தளத்தை உடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்து முடித்தார். ஐப்பசியில் மழை கொட்டியபோது மாடி அறையில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த அறையில்தான் இன்று இயந்திரம் நிற்கிறது.

தண்டுக்குப் பதில் பல்வைத்த பெல்ட்டுக்கு மாறினோம். மர வேலைக்கு அது தாராளமாகப் போதும், விலையும் குறைவு.

எடைக்கல் போல ஒரு கணக்கு

மோட்டார் எப்படி அளவறிந்து நகர்கிறது என்பது தராசு பிடித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். இதில் பயன்படும் ஸ்டெப்பர் மோட்டார் தொடர்ந்து சுழல்வதில்லை. ஒரு துடிப்புக்கு ஒரு படி என்று நகரும். ஒரு சுற்றுக்கு 200 படிகள். டிரைவர் என்னும் மின்சாதனம் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ., சக்கரத்தில் 20 பற்கள். ஆகவே ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்வு. 1,600ஐ 40ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 40 துடிப்பு. இந்த எண்ணைத்தான் மென்பொருளில் எழுத வேண்டும்.

ஆனால் பெல்ட்டை இறுக்கினால் சிறிது நீளும். 300 மி.மீ. போ என்று கட்டளை கொடுத்து அளந்தால் 301 காட்டியது. எடைக்கல்லைச் சோதித்துச் சரிசெய்து முத்திரை வாங்குவது போலத்தான் இதுவும். 40ஐ 300ஆல் பெருக்கி 301ஆல் வகுத்தால் 39.867. அதை எழுதியதும் எஃகு ஸ்கேலில் கண்ணுக்குத் தெரிந்தவரை 300க்கு 300. கட்டளைகளும் கடினமானவை அல்ல. ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர், ஜி1 என்றால் நேர்கோட்டில் வெட்டு, ஜி2, ஜி3 என்றால் வளைந்து வெட்டு. படத்தை வரைந்தால் கணிப்பொறியே இந்த வரிகளை எழுதிக் கொடுத்துவிடும்.

மின்சாமான்களைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கினோம். மோட்டார் நான்கும் டிரைவர் நான்கும் சேர்ந்து 9,600 ரூபாய். அலுமினியச் சட்டமும் இணைப்புகளும் 11,000. போல்ட், நட்டு, வாஷர் என்ற சில்லறை மட்டும் 1,900! பொட்டலம் கட்டும் காகிதமும் நூலும் நம் லாபத்தை எப்படித் தின்னுமோ, அதே கதைதான். வெட்டும் பிட்டுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். அது ஓயாத செலவு. எல்லாம் சேர்ந்து கணக்கு 41,700இல் நின்றது.

தமிழ் எழுத்தும் வெட்டும் பிட்டும்

பெயர்ப் பலகை வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிட் உருண்டையானது, ஆகவே உள்மூலைகள் கூர்மையாக வராது. 3 மி.மீ. பிட் என்றால் ஒவ்வொரு உள்மூலையும் ஒன்றரை மி.மீ. ஆரத்தில் வளைந்து நிற்கும். நம் எழுத்துகளில் பெரும்பாலும் வளைவுகள் என்பதால் இந்தக் குறை அதிகம் தெரியாது. ட, ப, ம போன்றவற்றில் மட்டும் கண்ணில் படும். எழுத்துகளைத் தனித்தனியே அறுத்து ஒட்டலாம் என்று இறங்குபவர்கள் 'ஸ்டோர்ஸ்' என்ற ஒரு சொல்லை எண்ணிப் பார்க்கட்டும். மூன்று புள்ளி, ஒரு கொம்பு, ஒரு கால், நான்கு எழுத்து என்று ஒன்பது துண்டுகள் வரும். புள்ளி ஒன்று தூசியோடு போய்விட்டால் கடைப் பெயரே மாறிவிடும். ஒரே பலகையில் குடைந்து வண்ணம் பூசுவதே நல்லது.

தூசியைப் பற்றி நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எம்.டி.எஃப். பலகையின் தூள் மாவைவிட நுண்ணியது. அதில் பசை ரசாயனமும் கலந்திருக்கும். அரிசி மூட்டையும் மைதா மூட்டையும் இருக்கும் குடோனில் இந்த இயந்திரத்தை ஒருநாளும் வைக்கக் கூடாது. குடோனில் இடம் இருந்தும் நாம் மாடி அறையைத் தேர்ந்தது இதனால்தான். தூசி உறிஞ்சி, முகக் கவசம், கண்ணாடி, கைக்கு எட்டும் சிவப்பு நிறுத்துப் பொத்தான் ஆகியவை கட்டாயம். பிட் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது. தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டி நுனியோடும் பக்கத்தில் போகவே கூடாது.

இன்னொரு தொல்லை மின்வெட்டு. நடுவில் கரண்ட் போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். பலகையின் ஓரத்தில் முன்கூட்டியே இரண்டு துளை போட்டு ஆப்பு அடித்து வைத்தால், அந்த இடத்திலிருந்து மீண்டும் அளவெடுத்துத் தொடரலாம்.

லாபம் உண்டா என்று கேட்பீர்கள். பெயர்ப் பலகைக்காக மட்டும் கட்டுவதாக இருந்தால் வேண்டாம் என்பதே நம் கருத்து. வெட்டிக் கொடுக்கும் பட்டறையில் கூலி கொடுத்துவிட்டுப் போவது மலிவு. நாம் செலவழித்த 41,700 ரூபாய், சொந்த வேலைகளின் கூலி மிச்சத்தில் திரும்பி வர ஆண்டுகள் பல ஆகும். மதிய ஓய்வில் தூங்க முடியாதவர்களுக்கும், கையில் ஸ்பேனர் பிடித்தால் மனம் அமைதியடைபவர்களுக்கும் மட்டுமே இதைச் சொல்வோம். பட்டியலில் உள்ள வீட்டு வேலைகளை இயந்திரத்தின் முதல் ஆர்டர்களாக எடுத்துக்கொண்டால் வீட்டில் முணுமுணுப்பு குறையும் என்பதும் அனுபவம். முதலில் அறுத்தது மகளின் மேஜையைத்தான். எட்டுப் பலகைகளும் ஆணி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி வந்தன. அடுத்து பரண் கதவு. அதில் ஒரு மாங்காய் வடிவம் குடைந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரும் ஒன்று கேட்டிருக்கிறார்கள்.

கேட்டின் கொண்டி மட்டும் பாக்கி. அது இரும்பு வேலை, இந்த இயந்திரம் தொடாது. நேரில் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் மதியம் இரண்டரைக்கு மேல் வரலாம். மாசி, பங்குனியில் மட்டும் வேண்டாம். மகளுக்குப் பொதுத்தேர்வு, அதுவரை மாடியில் எந்தச் சத்தமும் இருக்காது.