டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்

பிள்ளை உடம்பில் மச்சத்தோடு பிறந்தால், கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா என்றுதான் காரைக்கால் வீடுகளில் இன்றும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். செந்நிற மச்சம் தோலின் ரத்தக் குழாய்களால் வருவது. கரிய மச்சம் நிற அணுக்கள் ஓரிடத்தில் திரள்வதால் வருவது. தாய்மேல் இதில் குற்றமே இல்லை. மச்சத்தை நீக்கும் ஆப்பரேஷன் முடிந்து வந்த பிள்ளையை இரவும் பகலும் மடியில் வைத்திருப்பவளிடம் இந்தப் பேச்சை எடுப்பது கொடுமை.

எல்லா மச்சத்துக்கும் கத்தி வேண்டியதில்லை. இடுப்பிலும் பிட்டத்திலும் தெரியும் நீலத் திட்டு தானே மங்கிவிடும். சிவந்து புடைக்கும் ஹீமாஞ்சியோமா முதல் சில மாதங்கள் வேகமாக வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். இதய நோய்க்குத் தரும் புரோப்ரனலால் மருந்து அதைச் சுருக்குகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் எழுதினார்கள். அதன்பின் அறுவை சிகிச்சையின் தேவை வெகுவாகக் குறைந்தது. இமையை மூடிப் பார்வையைக் கெடுப்பது, புண்ணாகி ரத்தம் கசிவது, மிகப் பெரிய கரிய மச்சம் போன்றவற்றில்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இப்போதே செய்ய வேண்டுமா? காத்திருந்தால் என்ன ஆகும்? மருந்தோ லேசரோ போதாதா? மயக்கம் எவ்வளவு நேரம்? 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே மயக்கத்தால் 5 வயதில் அறிவு வளர்ச்சியில் குறை தெரியவில்லை என்று 2019இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஆறுதல் தந்தது. இவற்றை விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பிள்ளைக்காகச் சம்மதம் தருபவர்கள் பெற்றோர்தான்.

எனக்கு உண்மையான கவலை வீட்டுக்கு வந்த பிறகான முதல் 10 நாட்கள்தான். புதுச்சேரியில் ஆப்பரேஷன் என்றால், கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று ஏறக்குறைய 130 கிலோமீட்டர், தமிழ்நாட்டைக் கடந்து தையல் போட்ட பிள்ளையைக் காரைக்காலுக்குத் தூக்கி வருகிறோம். நள்ளிரவில் கட்டு நனைந்து சிவந்தால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பக்கத்தில் இல்லை. கையில் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

கிளம்பும் முன் அந்தச் சீட்டைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டை எப்போது மாற்றுவது, எப்போது குளிப்பாட்டுவது, காய்ச்சல் மருந்து பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி, தையல் பிரிக்கும் நாள், இரவில் அழைக்க வேண்டிய எண் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். புரோப்ரனலால் தொடர்ந்தால், பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். பிள்ளை குடிக்க மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ கொடுக்காமல் நிறுத்தி உடனே டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு.

காயத்தில் மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். அன்போடு தடவுவதுதான் என்றாலும் கிருமி அன்பைப் பார்ப்பதில்லை. பிள்ளை சொறியாதிருக்கக் கைக்கு உறை போடுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்; இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்கவில்லை என்றாலோ, சிவப்பு பரவினாலோ, சீழும் நாற்றமும் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைத்துக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள். 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சலே அவசரம். தினமும் ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கும் உதவும், பின்னால் சாட்சியும் ஆகும்.

சீட்டில் எழுதாமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்குச் சென்னையிலேயே வழக்கு உண்டு. 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யவும் இல்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. குழந்தை பிறந்து ஏறக்குறைய 19 ஆண்டுகள் கழித்தே பெற்றோருக்கு இந்தத் தீர்ப்பு கிடைத்தது.

பணத்திலும் நமக்கு எல்லைச் சிக்கல் உண்டு. நாகூரில் இருக்கும் உறவுக்காரரின் தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, புதுச்சேரி ரேஷன் கார்டு வைத்திருக்கும் நமக்குச் செல்லாது. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, நாட்டில் எங்கும் அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் செல்லும். ஆனால் அழகுக்கான அறுவை என்று எழுதினால் அதிலும் பணம் வராது, தனியார் காப்பீட்டிலும் வராது. கண்ணை மறைக்கிறது, ரத்தம் கசிகிறது என்ற உண்மையான காரணத்தை டாக்டர் எழுத்தில் தர வேண்டும். தனியார் நிறுவனம் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்; ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காரைக்கால் அவர் எல்லைக்குள்தான் வருகிறது. கட்டணம் கிடையாது.

சிகிச்சையில் தவறு என்று தோன்றினால் முதலில் மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆப்பரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்கு உரிய ஆணையத்திலேயே மனுக் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அறுத்தெடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அந்த அறிக்கை பெரும்பாலும் பிள்ளை வீடு திரும்பிய பிறகுதான் வரும். தையல் பிரிக்கப் போகும் நாளில் அதைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.