ஜாதிக்காய்ச் சாறும் ஒரு நாள் பயணமும்

பிரான்சு தேசத்தில் போர்டோ பக்கம் போகிறவர்கள் திராட்சை மது வாங்குவதோடு திரும்புவதில்லை. விளைந்த தோட்டத்திற்கே போய், கொடியைப் பார்த்து, தங்கி வருகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பினாங்கிலேயே அப்படியொரு பானம் உண்டு, போதைதான் கிடையாது: ஜாதிக்காய்ச் சாறு.

ஜார்ஜ்டவுனில் ஐஸ் போட்டுத் தருவார்கள், போத்தலிலும் வாங்கலாம். கறிக்கும் மருந்துக்கும் நாம் எடுப்பது கொட்டையை. சாறு வருவதோ அதைச் சுற்றிய சதையிலிருந்து! பிள்ளைகளுக்குச் சொன்னால் போதாது, காட்டவேண்டும்.

அதற்குப் பாலிக் பூலாவ் போகவேண்டும். மஞ்சள் பழம் வெடித்தால் உள்ளே சிவப்பு வலைபோல ஜாதிபத்திரி, அதற்குள்ளே கொட்டை. ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஆண் மரம் காய்க்காது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனியார் மலுக்குத் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டார்கள். 1860 வாக்கில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்ததைப் பார்த்த நமக்கு அது புரியும். மிஞ்சிய இடங்களில் இதுவும் ஒன்று.

செலவா? அண்ணன்மார் கோபிக்கக்கூடாது. சம்பள இரவில் சம்சுவுக்குப் போகும் பணத்தை இரண்டு மாதம் அண்ணியிடம் கொடுத்து வைத்துப் பாருங்கள். குடும்பமே போய் வரலாம்.

பட்டர்வொர்த்தில் காலையிலேயே ஃபெரி ஏறுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகளில் கார் ஏறாது. அக்கரையில் ஜெட்டியிலேயே பாலிக் பூலாவ் பஸ் கிடைக்கும். புளிச்சோறு கட்டிக்கொண்டாலும் அந்த ஊர் லக்சாவுக்குக் கொஞ்சம் வயிற்றில் இடம் வையுங்கள். ஜூன் மாதமென்றால் டுரியானும் இருக்கும்.