விளையாட்டுக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு கோளாறு: புதிது வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கணினியில் விளையாடும்போது திரை திடீரென இருண்டு விடுவது, வண்ணக் கோடுகளும் கட்டங்களும் தோன்றுவது, கணினி தானாகவே மறுதொடக்கம் ஆவது ஆகியவை கிராபிக்ஸ் கார்டு பழுதடைவதன் அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. ஆனால் டிரைவர் மென்பொருள், கேபிள், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளும் இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். பல்லாயிரம் ரூபாய் செலவிட்டுப் புதிய கார்டு வாங்கும் முன், பழுது எங்கே உள்ளது என்பதைப் படிப்படியாக உறுதி செய்துகொள்வது அவசியம்.

கோளாறு தோன்றும் நேரம்

விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸ் டிரைவர் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அந்நேரத்தில் அது செயல்படத் தொடங்கியிருக்காது. விண்டோஸ் இயங்கும்போது கோடுகள் தோன்றினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைபேசியில் திறந்து பார்க்கலாம். அந்தப் படத்திலும் கோடுகள் இருந்தால் கார்டு அல்லது டிரைவர் மீதும், இல்லாவிட்டால் மானிட்டர் அல்லது கேபிள் மீதும் சந்தேகம் கொள்ளலாம்.

டிரைவர்

கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிகளுக்கு மேல் பதிலளிக்காவிட்டால், விண்டோஸ் இயல்பாகவே அதன் செயல்பாட்டை மீட்டமைக்கிறது. ஈவென்ட் வியூவர் பதிவேட்டில் 4101 என்ற எண்ணுடன் பதிவுகள் அடிக்கடி இடம்பெற்றால், இதுவே நிகழ்கிறது எனக் கொள்ளலாம். பழைய டிரைவரை சேஃப் மோடில் முழுமையாக நீக்கிவிட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து மீண்டும் நிறுவ வேண்டும். புதிய பதிப்பை நிறுவிய பின்னரே கோளாறு தொடங்கியிருந்தால், முந்தைய பதிப்புக்குத் திரும்புவது நல்லது. ஓவர்கிளாக் செய்திருந்தால் அதையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வெப்பமும் மின்சாரமும்

விளையாடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே கோளாறு ஏற்பட்டால் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். கடும் சுமையின்போது கார்டு 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாவது இயல்பானதே. அது 90 டிகிரியை நெருங்கினால் கேபினெட்டில் காற்றோட்டம் குறைவு, தூசி படிவு, விசிறிப் பழுது ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கோடையில் அறை வெப்பநிலை உயரும்போது கார்டின் வெப்பமும் உயரும்.

மதர்போர்டில் கார்டு பொருத்தப்படும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரத்தையே வழங்கும். கூடுதல் மின்சாரம் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து தனி கேபிள் வழியாக வருகிறது. எட்டு முள் இணைப்பு ஒன்றின் வரம்பு 150 வாட். விளையாடும்போது கணினி முழுவதும் அணைந்துவிட்டால் முதலில் எஸ்எம்பிஎஸ்-ஐச் சோதிக்க வேண்டும்.

இறுதிச் சோதனை

சரியாக இயங்கும் மற்றொரு கணினியில் கார்டைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அங்கும் அதே கோளாறு தோன்றினால் பழுது கார்டில்தான் உள்ளது. அதற்கு வாய்ப்பில்லையெனில், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டுடன் இணைத்துப் பார்க்கலாம். எனினும், பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வசதி இல்லை.

உத்தரவாதமும் நுகர்வோர் உரிமையும்

பழுதான கார்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றும் முறையைப் பின்பற்றக் கூடாது. உத்தரவாதக் காலத்தில் ஹீட்சிங்கைக் கழற்றினால் உத்தரவாதம் மறுக்கப்படவும் கூடும். ரசீது, வரிசை எண், கோளாறைக் காட்டும் காணொலி ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். உத்தரவாதம் இருந்தும் விற்பனையாளர் தீர்வளிக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

பயன்படுத்திய கார்டை வாங்குவோர், பணம் செலுத்தும் முன் அதை அரை மணி நேரமாவது முழுச் சுமையில் இயக்கிப் பார்ப்பது நல்லது.