இலடாக்கின் உயர்கல்வி நிறுவனங்களும் மொழிச் சிக்கலும்

முன்னுரை

ஒரு நிலப்பகுதியில் கல்லூரிகள் எத்தனை உள்ளன, அவற்றில் எவ்வெப் பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன என்று கணக்கிடுவது எளிது. அக்கல்லூரிகளில் அந்நிலத்து மக்களின் மொழி பெற்றுள்ள இடம் யாது என வினவும்போதுதான் அந்நிறுவனங்களின் இயல்பு வெளிப்படும். இந்தியாவின் வடகோடியில் அமைந்துள்ள இலடாக்கில் உயர்கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள் தோன்றியவை. எனவே, அவற்றின் வளர்ச்சியையும், அவ்வளர்ச்சியில் தாய்மொழி அடைந்த நிலையையும் ஒருசேர நோக்குதல் இயலும். அங்ஙனம் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் மொழிகளும்

இலடாக் 59,146 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 2,74,289 பேர். அக்கணக்கெடுப்பின்போது லே, கார்கில் என இரண்டு மாவட்டங்களே இருந்தன. 2019 அக்டோபர் 31 முதல் இப்பகுதி சம்மு-காசுமீரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மத்திய ஆட்சிப்பகுதியாக விளங்குகின்றது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிறீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சோஜிலா கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். மலைகளால் பிரிக்கப்பட்ட சிற்றூர்களில் மக்கள் சிதறி வாழும் இத்தகைய நிலத்தில் ஒரு கல்லூரியை நிறுவுவதும், அதற்கு ஆசிரியர்களைப் பெறுவதும் எளிய செயல்களல்ல.

மக்கள் பேசும் மொழிகளுள் லேப் பகுதியின் இலடாக்கியும், கார்கில் பகுதியின் புர்கியும் பெரியவை. இவை இரண்டும் பால்ட்டி மொழியும் திபெத்தியக் கிளையைச் சேர்ந்தவை. திராசு பகுதியில் வழங்கும் ஷினாவும், சிந்து ஆற்றங்கரைச் சிற்றூர்கள் சிலவற்றில் வழங்கும் புரோக்ஸ்கத்தும் இந்தோ-ஆரியக் குடும்பத்தின் தார்திக் கிளையைச் சேர்ந்தவை.

திபெத்தியக் கிளையின் மேற்குப் பகுதி மொழிகள் மொழியியலார்க்குப் பெரிதும் பயன்படுவன. திபெத்திய எழுத்துமொழியில் விண்மீனைக் குறிக்கும் சொல் ‘ஸ்கர்மா’ என எழுதப்படும். இலாசா நகரத்தார் முதல் மெய்யை இழந்து ‘கர்மா’ என ஒலிப்பர். இலடாக்கியர் இன்றும் ‘ஸ்கர்மா’ என்றே ஒலிப்பர். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுத்தில் பதிந்த மெய்மயக்கங்கள் பல இம்மக்களின் நாவில் இன்னும் வாழ்கின்றன.

2. எல்லைக்கு அப்பால் இருந்த உயர்கல்வி

நிறுவனங்கள் தோன்றுவதற்கு முன்னர் இலடாக்கில் உயர்கல்வியே இல்லையென்று கருதுதல் பொருந்தாது. பௌத்த இளந்துறவியர் தம் ஊர் மடங்களில் அடிப்படைக் கல்வி பெற்றபின், மேற்கல்விக்காகத் திபெத்திலுள்ள தாஷிலுன்போ, திரேபுங் போன்ற பெருமடங்களுக்குச் சென்றனர். கார்கில் பகுதியின் ஷியா முசுலிம்களுள் சமயக் கல்வி விழைந்தோர் ஈராக்கிலுள்ள நஜாஃபிற்கும், பிற்காலத்தில் ஈரானிலுள்ள கும் நகருக்கும் சென்றனர். இருசாரார்க்கும் உயர்கல்வியின் இருப்பிடம் தம் நிலத்திற்கு வெளியிலேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. முன்னவர் செவ்வியல் திபெத்தியத்தையும், பின்னவர் அரபியையும் பாரசீகத்தையும் கல்வி மொழிகளாகக் கொண்டனர். வீட்டு மொழி இவ்விரு வழிகளிலும் வாயிற்படியோடு நின்றுவிட்டது.

3. நடுவண் பௌத்தவியல் நிறுவனம்

1959இல் திபெத்தில் ஏற்பட்ட மாற்றங்களால் அந்நாட்டு மடங்களுக்குச் செல்லும் வழி அடைபட்டது. பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்துவந்த கல்வி மரபு ஒன்று அறுந்துபோகும் நிலை உருவாயிற்று. அவ்வாண்டிலேயே குஷோக் பகுலா ரின்போச்சேயின் முயற்சியாலும், பிரதமர் சவகர்லால் நேருவின் ஊக்கத்தாலும் லேயில் பௌத்த மெய்யியற் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து நடுவண் பௌத்தவியல் நிறுவனம் ஆயிற்று. லேயை அடுத்த சோக்லம்சரில் இயங்கும் இந்நிறுவனம் மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தது. நெடுங்காலம் வாரணாசி சம்பூர்ணானந்த சமற்கிருதப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்து, 2016இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி எய்தியது.

இங்குப் பௌத்த மெய்யியல், போதி மொழி எனப்படும் திபெத்திய எழுத்துமொழி, சமற்கிருதம், இந்தி, ஆங்கிலம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. சாத்திரி, ஆச்சாரியா ஆகிய பட்டங்கள் வழங்கப்படுகின்றன. மரபு மருத்துவம், திரைச்சீலை ஓவியம், சிற்பம், மரச் செதுக்கு ஆகியவற்றிற்கும் தனிப் படிப்புகள் உண்டு. மடத்தின் பயிற்சி முறையையும் பல்கலைக்கழகத்தின் தேர்வு முறையையும் ஒருங்கிணைத்தமை இந்நிறுவனத்தின் சிறப்பாகும். ஆயினும், இங்குக் கல்வி மொழியாக விளங்குவது நூல்களின் மொழியே; தெருவிலும் வயலிலும் வழங்கும் மொழி அன்று.

4. கல்லூரிகளும் பல்கலைக்கழகமும்

கலை, அறிவியல் பாடங்களில் பட்டம் பெற விரும்பிய இலடாக்கிய மாணவர் நெடுங்காலம் சிறீநகருக்கோ சம்முவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1994இல் லேயில் அரசுக் கல்லூரி நிறுவப்பட்டது. இலடாக்கியக் கல்வியாளர் எலியேசர் சோல்தன் நினைவாக அக்கல்லூரி பெயர் பெற்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் கார்கிலிலும் கல்லூரி தோன்றியது. பின்னர் நூப்ரா, சன்ஸ்கார், திராசு, கல்ட்சி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் அமைந்தன. மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் பெண்கள், வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே பட்டப்படிப்பில் சேர இவை வழி திறந்தன எனலாம்.

இக்கல்லூரிகளை ஒன்றிணைத்து 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இலடாக் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 3 அன்று பிரதமர் அதனைத் தொடங்கி வைத்தார். லேயிலும் கார்கிலிலும் அதன் வளாகங்கள் உள்ளன. மரபு மருத்துவத்திற்கெனத் தேசிய சோவா-ரிக்பா நிறுவனத்தை லேயில் அமைக்க 2019 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021இல் நிறைவேறிய மத்தியப் பல்கலைக்கழகங்கள் திருத்தச் சட்டம் சிந்து மத்தியப் பல்கலைக்கழகத்தை இலடாக்கிற்கு வழங்கியது. மூன்று இலக்கம் மக்கள்கூட இல்லாத ஒரு நிலப்பகுதிக்குக் குறுகிய காலத்தில் இத்துணை நிறுவனங்கள் கிடைத்தமை பெரிதும் வரவேற்கத்தக்கதே. அவ்வரவேற்போடு, இந்நிறுவனங்களை வந்தடையும் மாணவர் எத்தகைய மொழிப் பாதையைக் கடந்து வருகின்றார் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

5. பள்ளியில் தொடங்கும் தடை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சம்மு-காசுமீர் மன்னராட்சியில் உருது ஆட்சிமொழியாயிற்று. அதன் விளைவாக இலடாக்கின் பள்ளிகளிலும் உருது பயிற்றுமொழியாக நிலைத்தது. வீட்டில் இலடாக்கி பேசிய குழந்தை பள்ளியில் உருதுவழிக் கற்றது. ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் ஆங்கிலவழிக்கு மாறியது. ஒரு மொழியில் கருத்துகளைத் தெளிவாகப் பற்றும் முன்னரே அடுத்த மொழிக்குத் தாவ வேண்டிய நிலை அது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தோல்வியுற்றோர் மிகுந்தமைக்கு இம்மொழித் தாவல் ஒரு தலையாய காரணம் என்பதை 1988இல் தோன்றிய இலடாக் மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கம் எடுத்துரைத்தது. 1994இல் தொடங்கிய ‘புதிய நம்பிக்கைத் திட்டம்’ ஆசிரியர் பயிற்சி, ஊர்க் கல்விக் குழுக்கள், வட்டாரச் சூழலுக்கு ஏற்ற பாடநூல்கள் ஆகியவற்றின்வழி இந்நிலையை மாற்ற முயன்றது.

பின்னர் ஆங்கிலம் தொடக்க வகுப்பிலிருந்தே பயிற்றுமொழியாயிற்று. தாவல்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. எனினும் தாய்மொழி பயிற்றுமொழியாகும் வாய்ப்பு அதனால் கிட்டவில்லை. கல்லூரியில் போதி மொழி பயிலும் வாய்ப்பு இருந்தாலும், அது பாடங்களுள் ஒன்று மட்டுமே. பிற பாடங்களைப் பயிலும் வழி அன்று.

6. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்

இவ்விடத்தில் ஒரு வினா எழும்: தாய்மொழி என்பது எவ்வழக்கைக் குறிக்கும்? இலடாக்கில் எழுத்து வழக்கு ‘சோஸ்கத்’ என்றும், பேச்சு வழக்கு ‘பல்ஸ்கத்’ என்றும் வழங்கும். முன்னது அறமொழி எனவும், பின்னது பொதுமொழி எனவும் பொருள்படும். ஒலிப்பில் இரண்டும் நெருங்கியவையாயினும், வினைவடிவங்களிலும் வேற்றுமை உருபுகளிலும் சொற்களிலும் வேறுபடுகின்றன. இரட்டை வழக்கு தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. ஆயினும் இலடாக்கில் எழுத்து வழக்கு சமயநூல் மொழியாகவும் விளங்குவதால், பேச்சு வழக்கை எழுதுவது மரபைச் சிதைப்பதாகும் என்ற அச்சம் மிகுந்துள்ளது.

மொரேவியச் சமயப் பணியாளர் ஃபிராங்கே 1904இல் லேயிலிருந்து செய்தித்தாள் ஒன்றை வெளியிட்டார். 1990களில் மாணவர் இயக்கம் நடத்திய ‘இலடாக்ஸ் மெலோங்’ (இலடாக்கின் கண்ணாடி) என்னும் இதழ் ஆங்கிலத்தோடு பேச்சு இலடாக்கியையும் பயன்படுத்தியது. அம்முயற்சியை அறிஞர் சிலர் எதிர்த்தனர். திபெத்திய எழுத்துமொழியைக் கைவிட்டால் பழைய நூற்செல்வத்தோடும் இமயமலைப் பகுதியின் பிற பௌத்த மக்களோடும் உள்ள தொடர்பு அறுபடும் என்பது அவர்கள் வாதம். தாம் பேசும் மொழியை எழுத இயலாத மாணவர் எம்மொழியிலும் எழுத முன்வரார் என்பது மற்றையோர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

கார்கில் பகுதியில் சிக்கல் வேறு வகையினது. புர்கி பேசுவோர் எழுதுவதற்குப் பெரிதும் உருது எழுத்தையே கையாள்கின்றனர். ஆதலின் நெருங்கிய உறவுடைய இரு மொழிகளுக்கு இடையே எழுத்து ஒரு சுவராக நிற்கின்றது.

7. மொழியில் உள்ள அறிவு வளம்

உயர்கல்விக்குரிய சொல்வளம் இம்மொழிகளில் இல்லை என்பாரும் உளர். இரு சான்றுகள் அக்கருத்தை மறுக்கின்றன. முதலாவது, சோவா-ரிக்பா மருத்துவம். ‘நான்கு தந்திரம்’ எனப் பொருள்படும் ‘க்யூ-ஷி’ என்னும் நூலே இதன் அடிப்படை. உடலியல், நோய்க்குறி, நாடித் தேர்வு, மருந்துச் சரக்கு ஆகியவை அனைத்தும் திபெத்திய எழுத்துமொழியிலேயே கற்பிக்கப்பட்டு வந்தன. அம்ச்சி எனப்படும் மருத்துவர் அம்மொழி கொண்டே ஊர்தோறும் தொழில் புரிந்துள்ளார். 2010இல் இந்திய அரசு இம்மருத்துவ முறைக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

இரண்டாவது, நீர் மேலாண்மை. பனியாறுகள் உருகி வரும் நீரைக் கொண்டே இலடாக்கின் வேளாண்மை நடைபெறுகின்றது. வாய்க்காலுக்கு ‘யுரா’ என்றும், நீரைத் தேக்கும் குளத்திற்கு ‘ஜிங்’ என்றும், முறை வைத்து நீர் பங்கிடும் ஊர் அலுவலருக்கு ‘சுர்போன்’ என்றும் பெயர். இப்பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தொழில்நுட்பமும் ஒரு வழக்காறும் உள்ளன. பொறியாளர் செவாங் நோர்பெல் ஊர்களுக்கு அருகில் செயற்கைப் பனியாறுகளை அமைத்துக் காட்டியதும் இவ்வறிவு மரபை அடியொற்றியே ஆகும். நிலவியலும் வேளாண்மையும் பயிலும் இலடாக்கிய மாணவர்க்கு இச்சொற்கள் பாடத்தின் பகுதியாக வேண்டும். பாடத்தில் இடம்பெறாத சொற்கள், அவற்றை வழங்கும் முதியோர் மறையும்போது தாமும் மறைந்துவிடும்.

8. 2025ஆம் ஆண்டு விதிமுறையும் இனிச் செய்யத்தக்கனவும்

2025 சூன் திங்களில் வெளியான ஆட்சிமொழி விதிமுறை ஆங்கிலம், இந்தி, உருது, போதி, புர்கி ஆகிய ஐந்தையும் இலடாக்கின் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. ஷினா, புரோக்ஸ்கத், பால்ட்டி, இலடாக்கி ஆகியவற்றின் வளர்ச்சிக்கும் அது வழிவகை செய்துள்ளது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் போதி மொழியைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக உள்ளது. சட்டம் மொழிக்கு இருக்கை அளிக்கும். அவ்விருக்கையில் அமர்ந்து பணிபுரியும் திறனைக் கல்வி நிறுவனங்களே அளித்தல் வேண்டும். அவை மேற்கொள்ளத்தக்க பணிகளுள் நான்கை இங்குக் குறிப்பிடலாம்.

அ. போதி, புர்கி மொழிகளில் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி நுழைவதற்கு இதுவே முதற்படி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்துகின்றது.

ஆ. மருத்துவம், நீர், கால்நடை, கட்டடக்கலை முதலிய துறைகளின் வழக்குச் சொற்களை ஊர்தோறும் திரட்டி அகராதியாக்குதல்.

இ. நடுவண் பௌத்தவியல் நிறுவனமும் இலடாக் பல்கலைக்கழகமும் கூட்டாகப் பாடங்களை வகுத்தல். முன்னதிடம் எழுத்து மரபும், பின்னதிடம் அறிவியற் பாடங்களும் உள்ளன. இரண்டும் தனித்தனியே நின்றால் மொழி ஒருபுறமும் அறிவியல் மறுபுறமும் நின்றுவிடும்.

ஈ. புரோக்ஸ்கத் போன்ற சிறு மொழிகளை அவற்றைப் பேசும் மாணவரைக் கொண்டே ஆவணப்படுத்துதல்.

முடிவுரை

இலடாக்கியர் பட்டம் பெறுவதற்காக மலை கடந்து சென்ற காலம் மெல்ல மாறிவருகின்றது. இப்போது கல்லூரி ஊருக்கு அருகில் வந்துள்ளது. ஆனால் வகுப்பறையின் மொழி இன்னும் தொலைவிலேயே உள்ளது. மடத்தின் கல்வி செவ்வியல் மொழியிலும், கல்லூரியின் கல்வி ஆங்கிலத்திலும் நிகழ, பேசும் மொழி இரண்டிற்கும் இடையே இடமின்றி நிற்கின்றது. ஆங்கிலம் வெளியுலகிற்கு வழியாகும். அதனை விலக்குதல் இயலாது, வேண்டுவதுமன்று. சிறிய மக்கள்தொகையுடைய ஒரு பகுதியில் மொழி நிலைபெறுதல் அம்மொழியில் கற்ற இளைஞர் எத்துணைப் பேர் என்பதைப் பொறுத்தது. பாட்டி ‘ஸ்கர்மா’ எனச் சுட்டும் விண்மீனைப் பற்றிப் பேரன் அதே சொல்லைக் கொண்டு வானியல் எழுதும் நாளே, இலடாக்கின் உயர்கல்வி அந்நிலத்தில் வேரூன்றிய நாளாகும்.