இணையத்தளத்தின் ஓட்டைக்கு எத்தனை புள்ளி?

இன்று நமது வர்த்தக நிறுவனங்கள் பல, இணையத்தளத்தின் ஊடாகவே ஓடர்களைப் பெறுகின்றன, கொடுப்பனவுகளையும் ஏற்கின்றன. அத்தளத்தைப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு உட்படுத்தினால் நீண்டதோர் அறிக்கை கைக்கு வரும். அதில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நிறுவன உரிமையாளர் அறிந்திருப்பது அவசியம்.

இவ்வாறு புள்ளியிடப் பரவலாகப் பயன்படுவது 'சீ.வி.எஸ்.எஸ்.' எனும் முறையாகும். 2005இல் அறிமுகமான இதனை 'பர்ஸ்ட்' என்ற சர்வதேச அமைப்பு பராமரித்து வருகிறது. இதன் 4ஆம் பதிப்பு 2023 நவம்பரில் வெளியானது. புள்ளிகள் 0 முதல் 10 வரை. 4.0க்குக் கீழ் குறைவு, 4.0 முதல் 6.9 வரை நடுத்தரம், 7.0 முதல் 8.9 வரை உயர்வு, 9.0உம் அதற்கு மேலும் மிக அபாயகரம்.

புள்ளி எவ்வாறு கணிக்கப்படுகிறது? இணையத்தில் எங்கிருந்தும் தாக்க முடியுமா? அதற்குக் கடவுச்சொல் தேவையா? வேறொருவர் ஏமாந்து எதையாவது அழுத்த வேண்டுமா? தாக்குதல் வெற்றியளித்தால் தகவல்கள் வெளியே கசியுமா, மாற்றப்படுமா, சேவை முடங்குமா? இவற்றின் விடைகளே எண்ணாக மாறுகின்றன.

ஆனால், இந்த அடிப்படைப் புள்ளிக்கு உங்கள் தொழில் தெரியாது. ஓர் உதாரணம்: தளத்தினுள் நுழைந்த வாடிக்கையாளர் ஒருவர், முகவரிப் பட்டியிலுள்ள ஓடர் இலக்கத்தை மாற்றினால் பிறரது விபரங்களை முழுமையாகப் பார்க்கலாம் என வைத்துக்கொள்வோம். 3.1ஆம் பதிப்பின்படி இதற்கு 6.5 புள்ளிகள், அதாவது 'நடுத்தரம்'. அந்த விபரம் விளையாட்டுப் பொருளின் ஓடராக இருந்தாலும் நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையாக இருந்தாலும் புள்ளி மாறாமல் இருக்கக்கூடும். நட்டமோ ஒன்றல்ல.

புள்ளி மிக உயர்வாக இருந்தும் பயனில்லாது போவதுண்டு. 2017 மார்ச்சில் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' மென்பொருளில் மிக அபாயகரமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்தமும் உடனே வழங்கப்பட்டது. அமெரிக்காவின் 'ஈக்குவிபெக்ஸ்' நிறுவனத்தில் வாடிக்கையாளர் முறைப்பாட்டுத் தளம் ஒன்று திருத்தப்படாமல் விடுபட்டது. மே முதல் ஜூலை வரை அதன் வழியே சுமார் 147 மில்லியன் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. 2019இல் அந்நிறுவனம் குறைந்தது 575 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

எனவே அறிக்கையைப் பெற்றதும் தொழில்நுட்பவியலாளரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இந்த ஓட்டை நமது தளத்தில் எங்கெங்கே உள்ளது? அதன் பின்னால் இருப்பது யாருடைய தகவல், யாருடைய பணம்? அதனை யார், எத்திகதிக்குள் அடைப்பார்? மூன்றாவது கேள்விக்குப் பெயரும் திகதியும் கிடைக்கும்வரை அறிக்கையை மூடி வைக்காதீர்கள்.