இரை விழுங்கிய மலைப்பாம்பை ஏன் தொடக் கூடாது?

குற்றால மலையடிவாரத் தோப்பில் கோழியை விழுங்கிவிட்டு மலைப்பாம்பு கிடந்தால் கூட்டம் கூடிவிடும். யாராவது வாலைப் பிடித்து இழுப்பார். பாம்பு இரையைக் கக்கிவிடும். ஏன்?

வயிறு கனத்த பாம்பால் வேகமாக நகர முடியாது. தப்பிக்க ஒரே வழி, எடையை இறக்குவதுதான். அதற்கு அது கொடுக்கும் விலை பெரிது. இரை உண்ட 48 மணி நேரத்தில் பர்மிய மலைப்பாம்பின் இதயக் கீழறை நிறை 40 சதவீதம் கூடுவதாக 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குடலும் கல்லீரலும்கூடப் பெருக்கும், செரித்ததும் சுருங்கிவிடும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் உயிர் சிக்கனமாக வாழ எவ்வளவு அழகான ஏற்பாடு! கக்க வைத்தால் இத்தனை உழைப்பும் வீண்.

வெளிநாடுகளில் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் உணவு கொடுத்தபின் இரண்டு நாளாவது அதைக் கையில் எடுப்பதில்லை. உறைந்த எலியை வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால்தான் நீட்டுகிறார்கள். உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்புக்கு, எலி வாசம் வீசும் சூடான கையும் இரையாகவே தோன்றும்.

நம் மலைப்பாம்பை வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. அதற்கு நஞ்சில்லை, ஆனால் பல்லுண்டு, பலமுண்டு.

கண்டால் விலகி நில்லுங்கள்; குழந்தைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்துங்கள்; வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ (101) சொல்லுங்கள். தயவுசெய்து வாலை இழுக்காதீர்கள்.