மாமல்லபுரமா, கோவளமா?

நான் செங்கல்பட்டில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 44. வீட்டில் கணவர், மாமியார், பிளஸ் டூ முடித்த மகள், நான் என நாலு பேர்.

பரீட்சை முடிந்ததும், "எங்கேயாவது ரெண்டு நாள் தங்கிட்டு வரலாம்மா" என்று ஆரம்பித்தாள் மகள். அவள் தோழி மணாலி போய்ப் பனியில் சறுக்கி விளையாடிய போட்டோவைக் காட்டியிருக்கிறாள். "பனியில சறுக்கத்தானே மணாலி? அலையில சறுக்க நமக்குக் கோவளம் இருக்கே" என்று என் கணவர் தமாஷாகச் சொல்லப் போக, அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாமியாரோ, "மாமல்லபுரம்னா நான் வரேன். கல்யாணமான புதுசுல பார்த்தது" என்றார்.

ஒரே கடற்கரையில் சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள்தான் இரண்டும். எங்களுக்கு மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர். கோவளத்துக்குத் திருப்போரூர், கேளம்பாக்கம் என்று சுற்ற வேண்டும். தூரமா பெரிது? எனக்குக் கடல் என்றாலே பயம். அதுதான் பிரச்னை.

பத்து வருஷத்துக்கு முன் மாமல்லபுரம் கடலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தது. அதுதான் பத்திரம் என்று நானாகவே அங்கே கூட்டிப் போனேன். காலடி மண் சரிந்ததுதான் தெரியும். கை நழுவிவிட்டது. கரையில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, கவுனைப் பிடித்து இழுத்துப் போட்டார். அவர் பேரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அதற்குப் பிறகு என் மகளை நான் கடலில் இறக்கியதே இல்லை.

"சும்மா பயப்படாதே. ரெண்டு இடத்தையும் நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார் கணவர். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை பஸ் ஏறினேன்.

முதலில் மாமல்லபுரம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1984ல் சேர்ந்த ஊர். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்க ஒரே டிக்கெட், நமக்கு ஆளுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். கோடையில் போகிறவர்கள் அப்போதே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. ஐந்து ரதத்தில் மணலில் நடக்க வேண்டும், கஷ்டம். ஆனால் அர்ஜுனன் தபசு ரோட்டோரமே இருப்பதால் நடக்க வேண்டியதில்லை. தவம் செய்யும் பூனையைத் தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும்! பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் நல்ல நிழல். பால் கறக்கும் பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. தலையில் பானை சுமந்து ஒரு பெண் நிற்கிறாள். "கல்லுலகூட இவளுக்கு ஓய்வில்லை பாரு" என்றார் அக்கா.

கோவளம் வேறு மாதிரி. சிற்பம் ஒன்றும் கிடையாது. மீனவ கிராமம், மாதா கோயில், தர்கா, கடல். அவ்வளவுதான். ஆனால் 2021ல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீர் சுத்தம், உயிர்காப்பாளர், கழிப்பறை எல்லாம் இருந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற மறைவிடமும் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

அலைச்சறுக்கு கற்றுத் தருகிறவர்களில் பலர் அந்த ஊர் மீனவப் பிள்ளைகள். அதில் ஒரு தம்பியிடம் என் பயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடலைக் காட்டினார். "அக்கா, அலை உடையாம அமைதியா தெரியுதே, அந்த இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும். கரைக்கு வந்த தண்ணி அது வழியாத்தான் திரும்பிப் போகும்."

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. பத்து வருஷமாகக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்!

அந்த இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாதாம். களைத்துப் போய்விடுவோம். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அதைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பலகையைக் காலோடு கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். முதலில் மணலிலேயே படுத்து எழுந்து பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடல் பக்கமே இறங்க வேண்டாம் என்றும் சொன்னார். சேலையோடு இறங்குவதும் ஆபத்துதான். நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அமைதியான இடத்தைப் பற்றியும் மகளிடம் சொன்னேன். "எனக்கு அது ஞாபகமே இல்லையேம்மா" என்றாள். மாமியார்தான் முடிவு சொன்னார். "கல்லு எங்கேயும் ஓடிடாது. ஆயிரத்து முந்நூறு வருஷமா அங்கேயேதான் கெடக்கு. கோவளமே போகலாம்."

போன மாதம் போய் ஒரு ராத்திரி தங்கினோம். மகள் எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு அலையில், நாலு விநாடி இருக்கும், எழுந்து நின்றாள். மாமியார் நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார். நான் கணுக்கால் தண்ணீர் வரை போனேன். சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. கடையில் சுடச்சுட வறுத்த மீன் வாங்கித் தின்றோம்.

மாமல்லபுரம் தை மாதத்துக்கு என்று வைத்திருக்கிறோம். அப்போது பாறை சுடாது.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு.